கொல்லைக்கு வரும் தேன்சிட்டைப் படமெடுக்க ஆலோசனை வேண்டும்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் செம்பருத்திக்கும் இட்லிப்பூச் செடிக்கும் காலைதோறும் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு இணை ஒன்று வருகிறது. (தெருவில் பலர் இதை ஹம்மிங் பறவை என்கிறார்கள், அது அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்வது.) ஏறத்தாழ 10 செ.மீ. நீளமே உள்ள இப்பறவை, ஹம்மிங் பறவையைப் போல அந்தரத்தில் நெடுநேரம் நிற்காமல் பெரும்பாலும் காம்பைப் பற்றி அமர்ந்தே தேன் குடிக்கிறது என்றாலும், ஒரு பூவில் சில நொடிகளுக்கு மேல் தங்குவதில்லை.

என்னிடம் 70-300 மி.மீ. லென்ஸ் உள்ளது. பக்கத்து மாடிகளின் நிழலால் வெளிச்சம் குறைவு என்பதால், ஷட்டர் வேகத்தை 1/1600 நொடிக்கு உயர்த்தினால் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) 3200-ஐத் தாண்டி, இறகுகளின் நுணுக்கம் புள்ளிபுள்ளியாகச் சிதைகிறது. ஆணின் உச்சந்தலைப் பச்சையும் தொண்டை ஊதாவும் இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றும் நிறங்கள் ஆகையால், கோணம் சற்று மாறினாலே கறுத்துவிடுகின்றன. வெயில் என் முதுகுப் பக்கம் இருக்குமாறு நின்றால் போதுமா, அல்லது வெள்ளைத் தெர்மாகோல் பலகையால் ஒளியைத் திருப்பிவிடலாமா? முருங்கையில் கூடு கட்டத் தொடங்கியிருப்பதால் ஃபிளாஷ் பயன்படுத்த எனக்கு மனமில்லை. கூட்டிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்பது நல்லது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.