ஓடைக்கரையில் ஒரு பகல்: நிலத்தோற்றங்களைப் படத்தில் காட்டுவது எப்படி?

கேள்வி (எழுதியவர்: ஓடைவழி)

வணக்கம். பள்ளியில் புவியியலை விரும்பிப் படிக்கும் மகளையும், கூழாங்கல் பொறுக்குவதைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாத மகனையும் அழைத்துக்கொண்டு, ஒரு மலையோடையின் கரையோரமாக நடந்து படம் எடுக்கலாம் என்று நானும் மனைவியும் எண்ணியிருக்கிறோம். ஓடையை அழகாகக் காட்டும் படங்கள் எங்களிடம் ஏராளமாக இருக்கின்றன. அந்த ஓடை அங்குள்ள நிலத்தை எப்படி வடித்தது என்று சொல்லும் படம் ஒன்றுகூட இல்லை. குடக்குழி (பாறையில் நீர் கடைந்த குழி), ஆற்று வளைவு, மணல்திட்டு என்று மகள் பாடநூலில் படித்தவற்றைக் களத்தில் அடையாளம் கண்டு எடுக்க வேண்டும் என்பதே விருப்பம். பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றும் கைப்பேசிகளும் உள்ளன. எதைத் தேடுவது, எந்த ஒளியில் எடுப்பது, பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுப்பது என்று சொல்லுங்கள்.

மறுமொழி (சரளைமேடு)

ஓடை முழுவதையும் ஒரே நாளில் பார்த்துவிட முயலாதீர்கள். நல்ல வளைவு ஒன்றும், அதற்கு மேலும் கீழுமாகச் சிறிது தொலைவும் போதும்.

வளைவின் வெளிக்கரையில் நீர் வேகமாக மோதுவதால் கரை அரிக்கப்பட்டுச் செங்குத்தாக நிற்கும்; உட்கரையில் வேகம் தணிவதால் சரளையும் மணலும் படிந்து சரிவான திட்டாகும். இவற்றைத் தனித்தனியே எடுத்தால் ஒன்று மண்சுவராகவும் மற்றொன்று மணல்மேடாகவும்தான் தெரியும். சற்று உயரமான இடத்தில் நின்று இரண்டையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்தால், நீர் ஒரு பக்கம் எடுத்து மறுபக்கம் போடுவது கண்ணுக்குப் புலப்படும். புறப்படும் முன் மகளுக்கு ஒரு சோதனையைச் செய்து காட்டலாம். கோப்பையில் உள்ள தேநீரைக் கலக்கிவிட்டால் தேயிலைத் துகள்கள் ஓரத்தில் ஒதுங்காமல் அடியில் நடுவே கூடும். அடித்தளத்தின் உராய்வால் அங்குள்ள நீர் மெதுவாகச் சுழல்வதும், அதனால் அடியில் உள்நோக்கிய ஓட்டம் ஒன்று பிறப்பதும் இதற்குக் காரணங்கள். ஆற்று வளைவுகள் உருவாவதையும் இதே கோட்பாட்டைக் கொண்டு ஐன்ஸ்டைன் 1926-இல் எழுதிய ஒரு கட்டுரையில் விளக்கியிருக்கிறார்.

மகனுக்குக் கூழாங்கல்தான் பிடிக்கும் என்றால் அவனிடமே ஒரு துப்பறியும் வேலையை ஒப்படையுங்கள். வெள்ளம் அடுக்கிவிட்டுப் போன தட்டையான கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து, நீர் வரும் பக்கம் தாழ்ந்தும் நீர் போகும் பக்கம் உயர்ந்தும் கிடக்கும். நீரே இல்லாத வறண்ட படுகையிலும் இச்சாய்வைக் கொண்டு ஓட்டம் எத்திசையில் சென்றது என்று சொல்லிவிடலாம். இதைப் பக்கவாட்டில், தரையோடு தரையாகக் கேமராவை வைத்து எடுக்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் சாய்வு தெரியாது.

குடக்குழிகளை எடுக்கும்போது உள்ளே கிடக்கும் உருண்டைக் கற்களைத் தவறவிடாதீர்கள். சுழலும் நீரில் அகப்பட்ட கற்களும் மணலும் பாறையைக் கடைந்துதான் குழி உருவாகிறது. சில குழிகளின் சுவரில் அந்தச் சுழற்சியின் வரிகள்கூட இருக்கும். அளவு தெரிவதற்காக ஓர் அளவுகோலையோ பிள்ளையின் கையையோ படத்துக்குள் வையுங்கள். அளவில்லாத குழி, படத்தில் கிண்ணமாகவும் தெரியும், கிணறாகவும் தெரியும்.

மறுமொழி (நிழலும் ஒளியும்)

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் பக்கவாட்டு ஒளி தேவை. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்திருக்கும்போது, பாறையின் சிறு வரியும் மணலின் அலைவடிவங்களும் நிழல் பெற்று எழுந்து நிற்கும். உச்சிவெயிலில் அவை தட்டையாகிவிடும். ஆனால் மரங்கள் அடர்ந்த குறுகிய பள்ளத்தாக்கில் வெயில் திட்டுத்திட்டாக விழுந்து படத்தைக் கெடுக்கும் என்பதால், அங்கே மேகமூட்டமே நல்லது.

நீருக்கடியில் உள்ள கற்களைக் காட்ட, லென்ஸுக்கு முன்னால் மாட்டிப் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் வேண்டும். செங்குத்திலிருந்து ஏறத்தாழ 53 பாகைக் கோணத்தில் நீரைப் பார்க்கும்போது அதன் மேற்பரப்புப் பளபளப்பு மிக நன்றாக மறையும். நேர்க்கீழே பார்த்தால் ஃபில்டரால் பயனில்லை. வெண்ணுரை மிகுந்த இடங்களில் எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) சற்றுக் குறைத்துவிடுங்கள், இல்லையெனில் நுரையில் விவரமே மிஞ்சாது.

ஒரு சொந்தக் கருத்து: ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைத்து நீரைப் பட்டுத்துணிபோல் ஆக்கும் பழக்கம் எனக்கு உவப்பானதன்று. நிலத்தை வடிப்பது நீரின் வேகம் என்றால், அந்த வேகத்தையே படத்திலிருந்து அழித்துவிடுவது என்ன நியாயம்?

மறுமொழி (மடுவோரம்)

இதில் நான் உடன்படவில்லை. மிதக்கும் நுரையை முக்காலியின் துணையோடு ஓரிரு நொடிகள் பதிவு செய்தால், ஒவ்வொரு நுரைக்கொத்தும் ஒரு கோடாக நீண்டு, ஓட்டம் எங்கே நேராகப் போகிறது, பாறைக்குப் பின்னால் எங்கே திரும்பிச் சுழல்கிறது என்பதை வரைபடம்போல் காட்டிவிடும். வெறும் கண்ணுக்குக்கூட அது அவ்வளவு தெளிவாகத் தெரியாது. அருவி முழுவதையும் பால்வெள்ளையாக்குவது சலிப்பூட்டும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

மகளுக்கு ஒரு வேலை: ஓடையின் அகலத்தை ஓரிடத்தில் கரையிலிருந்தே மதிப்பிடச் சொல்லுங்கள். சரளைப் படுகையில் ஆழமான மடுவும் ஆழமற்ற சலசலப்பும் மாறிமாறி வரும். அடுத்தடுத்த மடுக்களுக்கு இடையிலான தொலைவு பெரும்பாலும் ஓடை அகலத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்காக இருக்கும். அடுத்த மடு எங்கே வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு நடந்து பார்க்கட்டும். பெரும்பாறைகள் நிறைந்த செங்குத்தான பகுதியில் இக்கணக்கு பொருந்தாது.

பாதுகாப்பைப் பற்றி எவரும் சொல்லவில்லை. ஒளிவிலகலால் தெளிந்த நீரின் ஆழம், மேலிருந்து பார்ப்பவருக்கு உண்மையான ஆழத்தில் முக்கால் பங்காகவே தோன்றும். பிள்ளைகள் இதை அறியாமல் காலை வைத்துவிடுவார்கள். வேகமாக ஓடும் நீர் 15 செ.மீ. உயரம் இருந்தாலே பெரியவரையும் தடுமாறச் செய்யும். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் மேலே மலையில் மழை பெய்திருக்கலாம். நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிகுதியாக வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, கேமராவை மடக்கிக்கொண்டிருக்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். அரிக்கப்பட்ட கரையின் விளிம்பிலும் அதன் அடியிலும் நிற்க வேண்டாம். மகன் புரட்டும் கற்களை இருந்தபடியே திரும்ப வைக்கப் பழக்குங்கள். அவற்றின் அடிப்பகுதியில்தான் பல நீர்ப்பூச்சிகளின் இளம்பருவம் கழிகிறது.

ஓடைவழி

அனைவருக்கும் நன்றி. ஒரே ஒரு ஐயம்: போலரைசர் ஃபில்டர் கேமராவுக்கு மட்டும்தான் உள்ளது. கைப்பேசியில் படமெடுக்கப்போகும் மகள் என்ன செய்வது?

நிழலும் ஒளியும்

போலரைஸ்டு வகைக் குளிர்கண்ணாடி இருந்தால் அதன் ஒரு வில்லையைக் கைப்பேசியின் லென்ஸுக்கு முன்னால் ஒட்டிப் பிடித்து, பளபளப்பு மறையும் வரை மெல்லச் சுழற்றிவிட்டு எடுக்கட்டும். கண்ணாடியின் நிறம் படத்தில் ஏறும். அதைப் பின்னர் வெண்சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) அமைப்பில் திருத்திக்கொள்ளலாம்.