தலை வீங்கிய கோழியும் வீக்கத்துக்குக் கொடுத்த மருந்தும்: மதுரைப் பக்கத்து அனுபவங்கள்

வேப்பமரத்தடி, திருமங்கலம்

2021 ஜனவரியில், ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் என்று தொலைக்காட்சி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த வாரத்தில், எங்கள் கருப்புச் சேவலுக்குத் தலை வீங்கியது. கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல் என்பதால் அதை நோய்ப்பட்ட கோழியாக யாரும் பார்க்கவில்லை. முந்தைய இரண்டு நாட்களில் நான்கு பெட்டைகள் இறந்திருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த இரவைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. இரண்டு கண்களும் வீக்கத்தில் மூடிக்கிடந்தன. கொண்டை நாவற்பழ நிறத்துக்கு வந்திருந்தது. சேவலை மடியில் வைத்துக்கொண்டு, வெந்நீரில் உப்புப் போட்டுப் பஞ்சால் இமையைத் துடைத்தேன். இமை பிரிந்த நொடியில் அது தலையை உதறித் தும்மியது. சளி என் உதட்டிலும் கன்னத்திலும் தெறித்தது. கொரோனாக் காலம் ஆதலால் வீட்டிலிருந்த ஐந்து பேரின் முகக்கவசங்களும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்து மாட்ட எனக்குத் தோன்றவில்லை. பிறகு, என் கணவரின் முழங்கால் வலிக்கு வாங்கிய டைக்ளோஃபினாக் மாத்திரையில் கால்பங்கைக் கரைத்துப் புகட்டினேன். விடியும்போது சேவல் பஞ்சாரத்துக்குள் விறைத்துக் கிடந்தது.

கால்நடை மருத்துவர் வந்து வாசலிலேயே நின்று, "கோழியைத் தொட்டது யார்?" என்றுதான் முதலில் கேட்டார். போபால் ஆய்வகத்துக்குப் போன மாதிரியில் பறவைக் காய்ச்சல் இல்லை, வேறொரு கிருமியால் வரும் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்தான் என்று பிற்பாடு தெரிந்தது. அந்த முடிவு வரும்வரை மூன்று வயதுப் பேத்தியை நான் தூக்கவில்லை. வீக்கத்துக்கு வேறு என்ன கொடுத்திருக்கலாம் என்று இன்றும் மனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

வாத்துக்காரர் மகன், சோழவந்தான்

அக்கா, உங்களுக்கு வீக்கமாவது கண்ணில் பட்டது. அதே மாதம் நான் ஆலப்புழைப் பக்கத்துக் குட்டநாட்டில் உறவினர் ஒருவரின் வாத்துக் கூட்டத்தோடு இருந்தேன். அங்கே வீக்கம் எதையும் நான் பார்க்கவில்லை. ஒரு வாத்து மட்டும் தண்ணீரில் ஒரே இடத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. பிடித்துப் பார்த்தால், கண்ணில் இளநீர் வழுக்கை போல வெண்படலம். மறுநாள் அதுபோல் பத்து, அதற்கு மறுநாள் எண்ண முடியவில்லை. எச்5என்8 என்ற பறவைக் காய்ச்சல் வகை என்று உறுதியானதும் வெள்ளை உடை அணிந்தவர்கள் வந்து, இரை எடுத்துக்கொண்டிருந்த வாத்துகளையும் சேர்த்து அழித்தார்கள். ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் எதையும் விடமாட்டோம் என்றார்கள்.

எனக்கு உறுத்துவது அதன் பிறகு நடந்தது. அங்கே போட்டிருந்த ரப்பர் செருப்போடுதான் ஊருக்கு வந்தேன். வந்த அன்று மாலையே, அறுவடை முடிந்த வயலில் மேய்ந்துகொண்டிருந்த என் தகப்பனாரின் வாத்துகளுக்கு நடுவே அதே செருப்போடு நடந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்தச் செருப்பின் அடியில் ஒட்டியிருந்த காய்ந்த சேறு இப்போதும் என் கண்முன் நிற்கிறது.

ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர், உசிலம்பட்டி

சந்தை நாளன்று ஓர் அம்மா சாக்குக்குள் தலை வீங்கிய பெட்டையைக் கொண்டுவந்து, "வீக்கம் வடிய ஒரு ஊசி மட்டும் போடுங்க ஐயா, மற்றதை நான் பார்த்துக்கிறேன்" என்றார். நான் போட மறுத்துவிட்டேன். என் அனுபவம் அவ்வளவுதான்; ஆனால் திருமங்கலத்து அம்மாவின் கேள்விக்கு விடை சொல்லாமல் போக மனம் இல்லை.

அம்மா, வேறு எதையும் கொடுத்திருக்க முடியாது. கடுமையான பறவைக் காய்ச்சலில் கிருமி கோழியின் இரத்தக் குழாய்களின் உட்சுவரையே தாக்குகிறது. குழாய் கசிவதால்தான் தலை வீங்குகிறது, கொண்டையும் தாடியும் நீலம் பாய்கின்றன, கால் செதில்களுக்கு அடியில் செந்திட்டுகள் தோன்றுகின்றன. வெள்ளைக்கழிச்சலின் கொடிய வகையிலும் ஏறக்குறைய இதே தோற்றம் வரும் என்பதால் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. உள்ளே எல்லா உறுப்புகளிலும் அழற்சி மூண்டிருக்கும்போது முகத்து வீக்கத்தை மட்டும் வடியவைக்க நினைப்பது பயன் தராது. 2008-இல் ஹாங்காங் ஆய்வாளர்கள், எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வகை தொற்றிய எலிகளுக்கு 48 மணி நேரம் கழித்துக் கிருமி எதிர்ப்பு மருந்தோடு அழற்சியைத் தணிக்கும் இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தபோது அதிக எலிகள் பிழைத்தன என்பது உண்மை. ஆனால் அது கூண்டு எலிகளில் செய்த சோதனை. கோழிக்கு அந்த வழி ஏற்றதல்ல. பிழைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அந்தக் கோழி எச்சத்திலும் சளியிலும் கிருமியைக் கொட்டிக்கொண்டே இருக்கும். சீனத்துப் பண்ணைகளில் அமான்டடின் என்ற கிருமி எதிர்ப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்ததில், அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் பெருகின.

டைக்ளோஃபினாக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது என்பதற்காக 2006-இல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்ட மருந்து அது. கோழியின் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வெளியேறாத யூரிக் அமில உப்புப் படிந்து உள்ளுறுப்புகள் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும். இனி எந்தக் கோழிக்கும் அதைக் கொடுக்காதீர்கள்.

திடீரென்று கோழிகள் அடுத்தடுத்து இறந்தால், மீதியை அடைத்துவையுங்கள். இறந்ததை அறுத்துப் பார்க்காதீர்கள். கண்மாயிலும் வாய்க்காலிலும் வீசாதீர்கள். உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். சோப்பு நீரிலேயே அந்தக் கிருமி சாகும் என்பதால் கையையும் செருப்பையும் நன்றாகக் கழுவுங்கள். குளிர்ந்த ஈர எச்சத்தில் அது வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே சோழவந்தான் தம்பியின் கவலை நியாயமானது. தொட்டவருக்குப் பத்து நாட்களுக்குள் காய்ச்சல் வந்தால், கோழியைத் தொட்டதை மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். வெள்ளைக்கழிச்சலுக்காவது தடுப்பூசி இருக்கிறது: ஏழாம் நாள் லசோட்டா சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி.

கறிக்கோழிப் பண்ணை, வாடிப்பட்டி

ஐயா சொல்வதில் ஒரு பகுதியை நான் ஏற்கவில்லை. தலை வீங்கிய கோழியெல்லாம் பறவைக் காய்ச்சல் கோழி அல்ல. தொற்றுச் சளி நோயிலும் முகம் வீங்கும். காலத்தில் சரியான மருந்து கொடுத்தால் கோழி தேறும். ஊசியே போடாதீர்கள் என்று மட்டும் சொன்னால், பிழைக்கக்கூடிய கோழிகளையும் சாகவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் என் கதை எனக்கு எதிராகத்தான் நிற்கிறது. இரண்டாயிரம் கோழி இருந்த கொட்டகையில் முப்பது கோழிகளுக்குத் தலை வீங்கியபோது, யாரையும் கேட்காமல் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைப் போட்டேன். மாலைக்குள் வீக்கம் வடிந்தது, கண் திறந்தது, ஒரு கோழி எழுந்து வந்து தீவனத் தட்டைக் கொத்தியது. அந்தக் கொத்தும் சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. மறுநாள் விடிவதற்குள் ஊசி போட்ட முப்பதும் இறந்துவிட்டன; அடுத்த வரிசைகளிலும் தலைகள் வீங்கத் தொடங்கியிருந்தன. சளிக் கிருமியோடு ஈ.கோலை என்ற குடல் கிருமியும் சேர்ந்துகொண்டது, எதிர்ப்புச் சக்தியை அந்த ஊசி அடக்கிவிட்டது என்று மருத்துவர் விளக்கினார். வீக்கம் வடிந்ததைக் கண்டு ஒரு நாள் தாமதித்தேன். அந்த ஒரு நாளில் பாதிக் கொட்டகை போயிற்று.

வேப்பமரத்தடி, திருமங்கலம்

ஐயா, நீங்கள் இவ்வளவு விளக்கியதற்கு நன்றி. அந்த மாத்திரை எங்கள் கருப்பனின் சாவை விரைவுபடுத்தியிருக்கலாம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் ஊசி போட மறுத்த அந்த அம்மா என்ன ஆனார் என்று சொல்லவே இல்லையே?

ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர், உசிலம்பட்டி

அவருடைய ஊரையோ, வீட்டில் எத்தனை கோழிகள் இருந்தன என்பதையோ நான் கேட்டுவைக்கவில்லை. வீட்டிலிருந்த மற்ற பதினொரு கோழிகளையும் அன்று காலையிலேயே சந்தையில் விற்றுவிட்டார் என்று இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. வாங்கிப் போனவர்கள் யாரென்று விசாரித்துப் பார்த்தேன். ஒருவரையும் கண்டுபிடிக்க முடியவில்லை.