பாகிஸ்தானில் ‘அவசியக் கோட்பாடு’ எப்படி வேரூன்றியது?

கேள்வி: 1954இல் கவர்னர் ஜெனரல் அரசியல் நிர்ணய சபையைக் கலைத்ததை நீதிமன்றம் ‘அவசியம்’ (சட்டப்படி செல்லாத செயலையும் நெருக்கடித் தேவை கருதி ஏற்கலாம் என்ற கோட்பாடு) என்று சொல்லித்தான் ஏற்றதா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: இல்லை ஐயா. 1955 மார்ச்சில் கலைப்பை எதிர்த்துச் சபைத் தலைவர் தமிசுதீன் கான் தொடுத்த வழக்கில், நீதிமன்றங்களுக்கு ரிட் அதிகாரம் (அரசுக்கு ஆணையிடும் அதிகாரம்) தந்த சட்டத்துக்குக் கவர்னர் ஜெனரலின் ஒப்புதல் இல்லை என்ற காரணத்தைச் சொல்லியே, தலைமை நீதிபதி முனீர் தலைமையிலான ஃபெடரல் நீதிமன்றம் (அன்றைய மிக உயர்ந்த நீதிமன்றம்), அவருக்குச் சாதகமான சிந்து நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தது. நீதிபதி கார்னீலியஸ் ஒருவர் மட்டும் மாறுபட்டார். அதே காரணத்தால் வேறு பல சட்டங்களும் செல்லாமற்போய் வெற்றிடம் உண்டான பிறகே, மே மாதத்தில், அதே நீதிமன்றம் தந்த கருத்துரை வழியே ‘அவசியம்’ உள்ளே வந்தது.

மறுமொழி 2: எனக்கு வேதனை தருவது அடுத்த கட்டம். 1972இல் அஸ்மா ஜிலானி வழக்கில் உச்ச நீதிமன்றம், ராணுவ ஆட்சி நடத்திய யாஹியா கானை அதிகாரத்தைப் பறித்தவர் என்றது. ஆனால் அப்போது அவர் பதவியில் இல்லை. ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி ஜியா பதவியிலிருந்த 1977இலோ, நுஸ்ரத் பூட்டோ வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் அவசியத்தின் பேரில் ராணுவச் சட்டத்தை ஏற்றது.