மும்மொழித் தளத்தின்ர முகப்பில கேஷ் (சேமிச்சு வைச்ச நகல்) சிக்கல், வழி தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

நல்லூர்ப் பக்கம் ஒரு தங்குவிடுதிக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் எண்டு மூன்று மொழியில தளம். மொழிக்கொரு முகவரி, எச்ரெஃப்லாங் (எந்தப் பக்கம் எந்த மொழி எண்டு தேடுபொறிக்குச் சொல்லுற குறி) எல்லாம் சரி. பிரச்சினை மொழி குறிக்காத வெறும் முகப்பு முகவரியிலதான்.

அங்க வாறவருக்கு எந்த மொழி எண்டு சேர்வர் முதல்ல குக்கியை (அவர் முன்னம் எடுத்த மொழியைப் பிரவுசரில குறிச்சு வைச்சது) பார்க்குது, இல்லாட்டி அக்செப்ட்-லாங்குவேஜ் ஹெடர் (பிரவுசர் தன்ர விருப்ப மொழிகளைச் சொல்லி அனுப்புறது), அதுவும் இல்லாட்டி ஆங்கிலம் (கூகுளின்ர போட் அந்த ஹெடரை அனுப்பாது). பிறகு அந்த மொழிப் பக்கத்துக்கு 302 (தற்காலிக) ரீடைரக்ட். 301 (நிரந்தர ரீடைரக்ட்) போட்டால் பிரவுசர் அதைச் சேமிச்சு வைச்சு, ஆள் மொழியை மாத்தினாலும் பழைய பக்கத்துக்கே கொண்டுபோகும். ஐபி வைச்சு மொழி பிரிக்கச் சொல்லாதேங்கோ. கொழும்பு ஐபி எண்டால் உடன சிங்களமோ?

சிடிஎன் (பக்கங்களின்ர நகலைப் பல இடத்துச் சேர்வர்களில வைச்சுக் குடுக்கிற சேவை) வைச்ச பிறகுதான் வில்லங்கம். சிங்கள பிரவுசரில ஒராள் முதல்ல வந்தால் அந்த ரீடைரக்டே கேஷாகி, பின்னால வாற எல்லாரும் சிங்களப் பக்கத்தில நிக்கினம். வேரி ஹெடர் (மொழி ஹெடருக்கு ஏத்தமாதிரி நகலைத் தனித்தனியா வை எண்டு சொல்லுறது) போட்டால், ஒவ்வொரு பிரவுசரும் மொழி வரிசையையும் விருப்ப அளவைக் காட்டுற 0.9, 0.8 மதிப்புகளையும் வேற வேற மாதிரி அனுப்புறதால கேஷ் துண்டு துண்டாகுது. சில சிடிஎன் அந்த வேரியைக் கணக்கெடுக்கிறதே இல்லை.

முகப்புக்கு மட்டும் நோ-ஸ்டோர் (நகல் வைக்காதே எண்ட கட்டளை) குடுத்து சேர்வருக்கே விடுறதோ, எட்ஜிலயே (சிடிஎன்னின்ர சேர்வரில) ஹெடரை மூன்று மொழிக்குள்ள சுருக்கி கேஷ் கீயாக்கிறதோ (எந்த நகலைக் குடுக்கிறது எண்டு பிரிக்கிற அடையாளம்)? ரெண்டாவதைச் செய்த ஆக்கள், குக்கியையும் கீயில எப்பிடிச் சேர்த்தனீங்கள்? முழுக் குக்கியும் சேர்ந்தால் வருகையைக் கணக்கெடுக்கிற அனலிட்டிக்ஸ் குக்கியே ஆளுக்கொரு கீ உண்டாக்கும்.

இன்னொண்டு: இங்க கனபேரின்ர போன் ஆங்கிலத்தில, வாசிக்க விருப்பம் தமிழில. "தமிழில் பார்க்க" எண்டு மேல ஒரு பட்டை, பக்கம் கீழ குதிக்காமல் போடுறது எப்பிடி?