அவுட்டர் பேங்க்ஸ் போறோம், எந்த பக்கம் தங்கலாம்?

கேரிவாசி:
மக்களே, ஜூன்ல ஸ்கூல் லீவ் விட்டதும் ஒரு வாரம் அவுட்டர் பேங்க்ஸ் (நார்த் கரோலினா கடலோரத் தீவுங்க) போலாம்னு இருக்கோம், அதே மாநிலத்துல கேரி ஊர்ல இருந்து கார்லதான். பசங்க ரெண்டு பேரு, 6 வயசு, 10 வயசு, தண்ணிய பாத்தா வெளிய வரமாட்டாங்க. மச்சானுக்கு சர்ஃபிங் கத்துக்கணும், எனக்கு கையால ஒரு மீனு புடிச்சு குழம்பு வெக்கணும். அங்க நாக்ஸ் ஹெட் ஊர்ல வீடு எடுக்கவா, இல்ல இன்னும் தெக்க ஹேட்டரஸ் தீவுக்கு போகவா?

தூண்டில்:
குழம்பு மீனுக்கு நாக்ஸ் ஹெட்ல ஜெனட்ஸ் பியர் (கடலுக்குள்ள நீளுற மீன்பிடி பாலம்) போங்க ப்ரோ. மீன்பிடி டிக்கெட் எடுத்தா லைசென்ஸும் அதுலயே அடங்கிடும், பீச்சுல நின்னு தூண்டில் போட்டா 16 வயசு ஆனவங்க எல்லாரும் தனியா லைசென்ஸ் எடுக்கணும். கோடைல ஸ்பானிஷ் மேக்கரல் வரும், நம்ம வஞ்சிரத்துக்கு பங்காளி, குழம்புக்கு அவ்ளோ நல்லாருக்கும். பெரிய ரெட் டிரம் மீன் வேணும்னா அக்டோபர்ல ஹேட்டரஸ் தீவுல பக்ஸ்டன் முனைக்கு வரணும், அந்த வகைல உலக ரெக்கார்டு மீனே 1984ல பக்கத்து ஊரு ஏவன்லதான் மாட்டுச்சு, 94 பவுண்டு! ஆனா பெருசு மாட்டினா திரும்ப கடல்லயே விட்டுடணும், அதான் சட்டம்.

ரெண்டுபசங்கஅம்மா:
மீனு அப்பறம், மொதல்ல பசங்கள பாருங்க அண்ணா. போன வருஷம் என் வீட்டுக்காரரு முட்டியளவு தண்ணிலதான் நின்னாரு, ரிப் கரண்ட் (கரையில இருந்து கடலுக்குள்ள இழுக்கற நீரோட்டம்) இழுத்துட்டு போயிடுச்சு, கரைய பாத்து நீந்தாம பக்கவாட்டுல நீந்துனதால தப்பிச்சாரு, இப்ப நெனச்சாலும் கை நடுங்குது. சிவப்பு கொடி பறந்தா இறங்கவே வேணாம். லைஃப்கார்ட் இருக்கற பீச்சா பாருங்க, ஹேட்டரஸ் பக்கம் மைல் கணக்கா யாருமே இருக்க மாட்டாங்க. சின்னவனுக்கு பாம்லிகோ சவுண்ட் (தீவுக்கும் நிலத்துக்கும் நடுவுல இருக்கற காயல்) பக்கம்தான் சரி, ரொம்ப தூரம் போனாலும் இடுப்பளவுதான், அலையும் கம்மி. ஹேட்டரஸ் தீவுல ரொடான்தி ஊர்ல வீடுங்க கடல்ல விழுந்திருக்கு, மணல்ல ஆணி கெடக்கும், செருப்பு போட்டு விடுங்க.

மணல்மேடு:
அவங்க சொல்றது நூத்துக்கு நூறு. நாக்ஸ் ஹெட்லயே தங்குங்க, மச்சான் அங்கயே கிளாஸ் எடுக்கட்டும், ஜூன்ல அலை பெரும்பாலும் சின்னதா இருக்கும், புதுசா கத்துக்க அதுதான் நல்லது. ஒரு நாள் மட்டும் 12ம் நம்பர் ரோட்டுல கீழ எறங்கி, 1999ல அப்படியே நகத்தி வெச்ச ஹேட்டரஸ் லைட்ஹவுஸ பாத்துட்டு, அப்பறம் ஹேட்டரஸ் ஊர்ல இருந்து ஓக்ரகோக் தீவுக்கு கார் ஃபெர்ரி ஏறுங்க, ஒரு மணி நேரம், காசு கெடையாது. புயல் நாள்ல அந்த ரோட்ட கடலே மூடிடும், கெளம்பறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க.

கேரிவாசி:
ரொம்ப நன்றி. நாக்ஸ் ஹெட்தான். தங்கச்சி, ரிப் கரண்ட் விஷயத்த மச்சான்கிட்ட இப்பவே படிச்சு காட்டிட்டேன். தூண்டில் ப்ரோ, மேக்கரலுக்கு காலைல எத்தன மணிக்கு பியர்ல இருக்கணும்?