பைக்ல டென்ட் கட்டிட்டு பழைய ஹாஸ்டல் ஃப்ரெண்ட்ஸ் ஊருக்கெல்லாம் ஒரு ரவுண்டு: போனவங்க வழி சொல்லுங்க

கிளாசிக்பயணி (சென்னை)

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் முடிஞ்சு ஒரு ஆறு நாள் லீவு போடலாம்னு இருக்கேன். காலேஜ் ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல இருந்த நாலு பேர்ல நான் மட்டும்தான் சென்னையில செட்டில் ஆயிட்டேன், மத்த மூணு பேரும் ஊருக்கே திரும்பிப் போயி விவசாயம் பாத்துக்கிட்டு இருக்காங்க. ஒருத்தன் அரூர் பக்கம் தீர்த்தமலைக்கிட்ட, ஒருத்தன் கொல்லிமலை செம்மேட்டுக்குப் பக்கத்துல, ஒருத்தன் திருவையாறு. வாட்ஸாப்ல தினம் பேசுறோம் ஆனா நேர்ல பாத்து ஏழெட்டு வருஷம் ஆச்சு, அதனால இந்த தடவை கார், பஸ் எதுவும் வேணாம்னு என் கிளாசிக் 350லயே தனியா கிளம்பலாம்னு முடிவு.

யார் வீட்டுக்கும் தொந்தரவு குடுக்க வேணாம்னு ரெண்டு பேர் படுக்குற டென்ட், ஸ்லீப்பிங் பேக், சின்ன கேஸ் ஸ்டவ் எல்லாம் வாங்கிட்டேன். சென்னை, செஞ்சி, திருவண்ணாமலை, தண்டராம்பட்டு, அரூர், சேலம், ஏற்காடு, கொல்லிமலை, துறையூர், திருச்சி, திருவையாறு, அப்புறம் கும்பகோணம் வழியா ரிட்டர்ன்னு போட்டு வச்சிருக்கேன், எல்லாம் சேத்து சுமார் 1000 கிலோமீட்டர் வரும். நடுவுல ஒரு நாள் ஜவ்வாது மலையிலயோ கொல்லிமலையிலயோ காட்டுக்குள்ள டென்ட் போட்டுத் தூங்கணும்னு ரொம்ப நாள் ஆசை.

கேக்க வேண்டியது மூணு. லக்கேஜை எப்படி கட்டுறது, டென்ட் எங்கெல்லாம் போடலாம், அப்புறம் மூணாவது கொஞ்சம் வேற மாதிரி விஷயம். அரூர் ஃப்ரெண்டோட அப்பா தவறி ஒன்றரை வருஷம் ஆச்சு. அப்ப நான் போகல, ஆபீஸ்ல லீவு கிடைக்கலன்னு ஃபோன்லயே பேசிட்டு விட்டுட்டேன். ஹாஸ்டல் நாள்ல அவங்க வீட்டுக்குப் போனா அவரே தோட்டத்துல நிலக்கடலை பிடுங்கி சுட்டுக் குடுப்பாரு. இப்ப ட்ரிப் போற வழின்னு டென்டும் ஹெல்மெட்டுமா அந்த வாசல்ல போய் நிக்கிறது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல.

நெடுஞ்சாலை நாடோடி

தம்பி, நான் இதே மாதிரி பைக்ல டென்ட் கட்டிக்கிட்டு பத்து வருஷமா சுத்துறேன், முதல்ல லக்கேஜ் பத்தி சொல்லிடறேன். கனமான சாமான் எல்லாம் கீழயும் முன்னாடியும் இருக்கணும், சீட்டுக்குப் பின்னாடி நீட்டிக்கிட்டு கட்டினா மலை ஏறும்போது முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். கிளாசிக்ல சைலன்சர் வலது பக்கம், அந்தப் பக்கம் தொங்கவிடுற பேக் அடி சைலன்சர்ல பட்டா உருகிடும், எனக்கு ஒரு தடவை மழைக் கோட்டு, துண்டு எல்லாம் சேந்து கருகிப் போச்சு. இடது பக்கம் சாரி கார்டைக் கழட்டாதீங்க, பேக் வீல்ல போகாம அதுதான் தடுக்கும். கொக்கி வச்ச ரப்பர் கயிறை நம்பாதீங்க, அது தெறிச்சு செயின்ல சுத்திக்கிட்டா பின் வீல் லாக் ஆயிடும், பக்கிள் வச்ச பட்டை ஸ்ட்ராப் ரெண்டு போதும். பின் டயருக்கு ஆள் உக்காந்தா எவ்வளவு காத்துன்னு மேனுவல்ல இருக்கோ அவ்வளவு வைங்க. ஸ்போக் வீல்னா ட்யூப் டயர், ஆக ஒரு ஸ்பேர் ட்யூப், டயர் லீவர், கை பம்பு கட்டாயம், ஒரு கிளச் கேபிளும் எடுத்துக்கோங்க.

டென்டுக்கு வர்றேன். காட்டுக்குள்ள போடுற ஆசையை விட்டுடுங்க, இதை கெஞ்சியே கேக்குறேன். ரிசர்வ் ஃபாரஸ்ட்ல அனுமதி இல்லாம நுழையறதே குற்றம், அதுவும் 2018 மார்ச்ல குரங்கணி தீயில 20 பேருக்கு மேல இறந்தாங்களே, அதுக்கப்புறம் வனத்துறை ரொம்ப கண்டிப்பு. தை மாசி ஆச்சுன்னா புல்லெல்லாம் காய ஆரம்பிச்சுடும், உங்க ஸ்டவ்ல இருந்து ஒரு பொறி போதும். ஆத்துப் படுகை, ஏரிக்குள்ள, தென்னை மரத்தடி இந்த மூணுலயும் போடாதீங்க. தெரிஞ்சவங்க தோட்டம், களம், மொட்டை மாடி, இதுதான் நம்ம ஊரு கேம்ப் சைட். பம்ப் செட் இருந்தா காலையில குளியலுக்கு வேற எதுவும் தேட வேண்டாம்.

இன்னொண்ணு, ஏற்காட்டை தூக்கிடுங்க. போறது ஆளுங்களைப் பாக்க, அதுக்கு நடுவுல எதுக்கு இன்னொரு மலை.

காரவள்ளிக்காரன்

வணக்கமுங்க. நமக்கு சேந்தமங்கலம் பக்கம், கொல்லிமலைக்கு வாரத்துல ரெண்டு தடவை ஏறி எறங்குறவன். காரவள்ளியில ஆரம்பிச்சா மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுங்க, ரோடு குறுகல், வளைவுல பஸ் திரும்பணும்னா முழு ரோடும் வேணும். அதனால வளைவுக்கு வளைவு ஹாரன் அடிங்க, பஸ் சத்தம் கேட்டா வளைவுக்கு முன்னாடியே ஓரம் நின்னுக்குங்க. எறங்கும்போதுதான் ஆபத்து, ரெண்டாவது கியர்ல இன்ஜினே புடிச்சுக்கிட்டு வரணும், பிரேக்கை மட்டும் அமுத்திக்கிட்டே வந்தா பாதியில சூடாகி புடிக்காது. சனி ஞாயிறு ஏறாதீங்க, டவுன்ல இருந்து வர்ற வண்டிங்க ஜாஸ்தி. நம்மூர்ப் பசங்களும் ரீல்ஸ் எடுக்கறேன்னு எதிர் லைன்ல வர்றானுங்க, மனசு பதறுதுங்க.

மதியம் ரெண்டு மணிக்குள்ள மேல போயிருங்க. தை மாசம் பொழுது சாஞ்சா குளிர் எலும்புல ஏறும், பனி கொட்டும், டென்டு முழுசா மூடிக்கிட்டா உள்ளாற தண்ணி சொட்டும், மேல இருக்கற காத்து ஓட்டையை தொறந்து வைங்க. உங்க கூட்டாளி வூட்ல அப்ப மிளகு பறிப்பு நடக்கும், ஏணி போட்டு மரத்துல ஏறி பறிக்கறதைப் பாக்கணும்னா காலையிலயே எந்திரிங்க. ஆகாயகங்கை அருவிக்கு படி எறங்கி ஏறணும், முழங்கால் சரியில்லீன்னா அறப்பளீஸ்வரரை மட்டும் கும்பிட்டு வந்துருங்க.

அரூர்ல இருந்து சேலம் வர்றப்ப மஞ்சவாடி கணவாய் வழி நல்லா இருக்கும். ஆனா அந்தச் சுத்துவட்டாரத்துல தை மாசம் கொள்ளு, கேவுரு எல்லாம் தார் ரோட்டுலயே பரப்பி வச்சிருப்பாங்க, வண்டிங்க ஏறி மணி உதிரட்டும்னு. காருக்கு ஒண்ணுமில்ல, பைக்குக்கு அது சறுக்கு மரம் மாதிரிங்க, கொள்ளுக்கொடி செயின்லயும் சுத்தும். மெதுவா, பிரேக் புடிக்காம, நேரா ஓட்டிருங்க. இருட்டுல மட்டும் அந்தக் கிராம ரோடு வேண்டாம், கரும்பு ஏத்திக்கிட்டு லைட்டே இல்லாம டிராக்டர் நிக்கும்.

கிளாசிக்பயணி

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஏற்காடு கட். காட்டு ஆசையும் விட்டாச்சு. மூணாவது கேள்விக்கு யாராவது சொல்லுங்களேன், அதுதான் எனக்கு தூக்கம் வராம இருக்கு.

குடமுருட்டிக்கரை

தம்பி, நான் திருவையாத்துக்காரி, எங்க அண்ணனோட சிநேகிதங்க வருஷா வருஷம் பைக்ல வந்து தங்குற வீட்டுல இருக்கேன், அதனால வீட்டுப் பக்கத்துல இருந்து சொல்றேன் கேட்டுக்கோங்க.

யாருக்கும் தொந்தரவு வேணாம்னு டென்ட் வாங்கினதா எழுதியிருக்கீங்க. நல்ல மனசுதான், ஆனா அது அந்த வீட்டு அம்மாவுக்கு எப்படிப் படும்னு யோசிச்சீங்களா. முதல் தடவை எங்க அண்ணன் சிநேகிதர் ஒருத்தர் களத்துல டென்ட் அடிச்சுப் படுத்தப்ப எங்கம்மா விடிய விடிய தூங்கல. வீடு இருக்க வந்த பிள்ளை வெளியில பனியில கெடக்குதே, பாக்குறவங்க என்ன நினைப்பாங்க, நாம சரியா கூப்பிடலையோன்னு புலம்பிக்கிட்டே இருந்தாங்க. அதனால இப்ப எங்க வீட்டுல ஒரு ஏற்பாடு. ராத்திரி சாப்பாடு வீட்டுக்குள்ள, எல்லாரோடயும் உக்காந்து. அதுக்கப்புறம் எங்க அண்ணனும் பாயை எடுத்துக்கிட்டு அவங்களோட களத்துக்குப் போயிடும். வீட்டு ஆளே கூடப் படுக்குறப்ப அது விருந்தாளியை வெளிய தள்ளினதா ஆகாது பாருங்க. நீங்களும் ஃப்ரெண்டுக்கிட்ட மட்டும் இல்லாம அவங்க அம்மா, சம்சாரம் ரெண்டு பேர்கிட்டயும் முன்கூட்டியே ஃபோன்ல சொல்லிடுங்க, எனக்கு திறந்த வெளியில படுக்க ஆசைம்மான்னு.

அரூர் வீட்டுக்கு மட்டும் இது எதுவும் வேணாம். அங்க டென்டைப் பிரிக்கவே பிரிக்காதீங்க. ஒன்றரை வருஷம் ஆனாலும் பரவாயில்ல, கேக்காம விட்ட துக்கத்தை எப்ப போனாலும் கேக்கலாம். வண்டியை வாசலுக்கு ரெண்டு வீடு தள்ளியே நிறுத்தி, ஹெல்மெட் கையுறை எல்லாம் வண்டியிலயே வச்சுட்டு, கை கால் கழுவிக்கிட்டு உள்ள போயி முதல்ல அம்மா பக்கத்துல உக்காருங்க. லீவு கிடைக்கலன்னு காரணம் சொல்லாதீங்க. நான் வந்திருக்கணும்மா, வரலைன்னு மட்டும் சொல்லுங்க. மாலை போட்ட போட்டோ இருக்கும், அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க. அந்த கடலைக் கதையை அவங்ககிட்ட சொல்லுங்க. எங்கப்பா போனப்புறம் வந்தவங்கள்ல நிறைய பேர் பேச்சை மாத்தவே பாத்தாங்க, ஒருத்தர்தான் எங்கப்பா அவருக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்ததை உக்காந்து சொன்னாரு, எங்கம்மா இன்னைக்கும் அவர் பேரைத்தான் சொல்லுவாங்க.

வெறும் ஸ்வீட் பாக்ஸ் தூக்கிட்டுப் போகாதீங்க. தண்டராம்பட்டு வழியில கடலை வாங்கி அரூருக்கு, அரூர் புளி வாங்கி கொல்லிமலைக்கு, கொல்லிமலை மிளகும் மலைவாழைப்பழமும் திருவையாத்துக்கு, இங்கேருந்து அசோகா அல்வா உங்க வீட்டுக்கு. ஒரு வீட்டுச் சாமான் அடுத்த வீட்டுக்குப் போனா அந்த மூணு குடும்பமும் ஒருத்தரை ஒருத்தர் விசாரிப்பாங்க.

இங்க வர்றப்ப சம்பா அறுப்பு, உங்க ஃப்ரெண்டு அறுப்பு மெஷின் பின்னாடி ஓடிக்கிட்டு இருப்பாரு, ஒரு நாள் கூட இருந்து மூட்டை பிடிச்சுக் குடுங்க. திருச்சியில இருந்து பைபாஸ்ல வராம கல்லணை, திருக்காட்டுப்பள்ளி வழியா காவிரிக் கரையோடயே வாங்க. வழக்கமா ஜனவரி 28 மேட்டூர் அணையை மூடுவாங்க, அதுக்கு முன்னாடி வந்தா ஆத்துல தண்ணியோட பாக்கலாம்.

வார்டு நம்பர் ஏழு

நர்ஸா இருக்கேன், ஒண்ணே ஒண்ணு சொல்லணும். களத்துல, தோட்டத்துல படுக்குறீங்கன்னா டென்ட் ஜிப்பை உள்ள இருந்தாலும் வெளிய போனாலும் மூடியே வைங்க, ஷூவை உதறிட்டுப் போடுங்க, டார்ச் இல்லாம கால் வைக்காதீங்க. கட்டுவிரியன் ராத்திரியிலதான் வெளிய வரும், கடிச்சா பெருசா வலிக்காது, தடமும் சரியாத் தெரியாது. விடியக்காலையில வயித்து வலி, கண் இமை சொருகுதுன்னா உடனே 108. இறுக்கிக் கட்டுறது, கீறுறது, பச்சிலை எதுவும் வேணாம். கை காலை அசைக்காம நேரா அரசு ஆஸ்பத்திரி. வர்றவங்க தாமதமா வர்றதைப் பாத்துப் பாத்து நொந்து போயிதான் எழுதுறேன்.

கிளாசிக்பயணி

அக்கா, நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். நேத்து ராத்திரியே அரூருக்கு ஃபோன் போட்டேன், ஃப்ரெண்டு வயல்ல இருந்தான், அம்மாதான் எடுத்தாங்க. என்ன பேசறதுன்னு யோசிச்சு வச்சதெல்லாம் மறந்து போச்சு, நான் வந்திருக்கணும்மான்னு அங்கேயே சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் நீ வரலன்னு அவன்தான் கண்ணு ரொம்ப நாள் சொல்லிக்கிட்டு இருந்தான்னு சொன்னாங்க. அவன் என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல.

ஆறு நாளை எட்டு நாளா ஆக்கிட்டேன், லீவு எழுதிக் குடுத்தாச்சு. தீர்த்தமலையில ரெண்டு ராத்திரி, வீட்டுக்குள்ளதான். கொல்லிமலைக்கு புதன்கிழமை ஏறுறேன், அங்க ரெண்டு ராத்திரி ஃப்ரெண்டு வீட்டு மாடியில டென்ட், அவனும் கூடப் படுக்கறேன்னுட்டான். திருவையாத்துல மூணு நாள், ஒரு நாள் அறுப்புக்கு. ரிட்டர்ன் கும்பகோணம், அணைக்கரை, சேத்தியாத்தோப்பு, பண்ருட்டி வழியா ஒரே நாள்ல கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர், விடியக்காலை கிளம்பினா இருட்டுக்குள்ள வந்துடலாம்னு நினைக்கிறேன்.

ஸ்டவ்வை வீட்டுலயே வச்சுட்டுப் போறேன். அம்மா ஃபோனை வைக்கிறதுக்கு முன்னாடி கேவுரு களி சாப்பிடுவியா, சோறு வடிக்கட்டுமான்னு கேட்டாங்க. களின்னு சொல்லியிருக்கேன்.