குலசேகரம் கிளைக்கு ஸ்லாட் உள்ள ரௌட்டர்: பழைய சிஸ்கோ 4331 போதுமா, புது 8200எல் வேண்டுமா?

ரப்பர் டிப்போ நெட்வொர்க், குலசேகரம்

ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கி விற்கிற கம்பெனி எங்களுடையது. தலைமை அலுவலகம் நாகர்கோவிலில், கிளை குலசேகரத்தில். இரண்டு இடத்துக்கும் நெட்வொர்க் என் பொறுப்பு. கிளையில் 14 சிஸ்டம், 3 ஐபி போன், 8 கேமரா. பில் போடுகிற சாஃப்ட்வேர் நாகர்கோவில் சர்வரில் இருப்பதால், விபிஎன் (இரண்டு அலுவலகத்தையும் இன்டர்நெட் வழியாக இணைக்கிற பாதுகாப்பான பாதை) அறுந்தால் எடை போட்ட ஷீட்டுக்குக்கூட பில் வராது. தோட்டத்துக்காரர்கள் ஜீப்போடு முற்றத்தில் நின்றுகொண்டிருப்பார்கள்.

இப்போது ஓடுவது சிஸ்கோ 1941 ரௌட்டர். அதற்கு சப்போர்ட் 2022 டிசம்பரோடு முடிந்தும் மாற்றாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் நல்ல இடி. போய்ப் பார்த்தால், வெளி லைன் வருகிற போர்ட்டில் விளக்கே இல்லை. பக்கத்தில் மூக்கை வைத்தால் கருகல் வாடை. பெட்டியின் மற்ற பாகமெல்லாம் உயிரோடு இருந்தது. அலமாரியில் நாலு போர்ட் ஸ்விட்ச் கார்டு ஒன்று வெகு நாளாகக் கிடந்தது. பவரை அணைத்து அதை ஸ்லாட்டில் (கூடுதல் கார்டு போடுகிற இடம்) சொருகி, தனியாக ஒரு விலான் (நெட்வொர்க்கில் தனிப் பிரிவு) போட்டு, வெளி லைனை அதில் மாற்றினேன். மறுநாள் காலை 7 மணிக்கு முதல் பில் வந்தது. அதன் பிறகு ஸ்லாட் இல்லாத பெட்டியை வாங்க மனசு வரவில்லை.

இரண்டு கொட்டேஷன் கையில் இருக்கிறது. ஒன்று செகண்ட் ஹேண்ட் 4331. இன்னொன்று புது கேட்டலிஸ்ட் 8200எல், விலை இரண்டு மடங்குக்கு மேல். வெளி லைன் ஃபைபர், வேகம் 100 எம்பி. அது போனால் 4ஜி. எதை வாங்கலாம்? என்னிடம் உள்ள பழைய கார்டுகள் 4331-ல் போகுமா?

தக்கலை அண்ணன்

மக்கா, பழைய கார்டு எதுவும் போகாது. 1941-ல் இருப்பது ஈஹெச்விக் ஸ்லாட், 4331-ல் இருப்பது நிம் ஸ்லாட். அளவே வேறு. அதனால் கையில் உள்ள கார்டை நினைத்து 4331 பக்கம் சாய வேண்டாம்.

அப்புறம் வேகத்தைப் பார். 4331 வாங்கும்போது 100 எம்பிதான் விடும், அதுவும் போக்கும் வரவும் சேர்த்து. 300 ஆக்க பெர்ஃபாமன்ஸ் லைசன்ஸ் வேண்டும். உன் ஃபைபரில் கேமரா படம் ஒரு பக்கம் போய், பில் ஒரு பக்கம் வந்தால் முட்டும். விற்கிறவர் முன்னாலேயே பெட்டியை ஆன் செய்து த்ரூபுட் லெவல் (விடுகிற வேகத்தின் வரம்பு) எவ்வளவு, விபிஎன்னுக்கான செக்யூரிட்டி லைசன்ஸ் இருக்கிறதா என்று காட்டச் சொல். ஒருவர் பெட்டியில் போட்ட லைசன்ஸ் வாங்குகிறவர் பேருக்குத் தானாக மாறாது. இதைச் சொல்லாமல் விற்றவரிடம் நான் ஒரு தடவை வாங்கி, மூன்று மாதம் அலைந்திருக்கிறேன்.

4331 விற்பனை 2023 நவம்பரில் நின்றுவிட்டது, சப்போர்ட் 2028 நவம்பர் வரைதான். இப்போது வாங்கினால் 1941-க்கு வந்த நிலைமையே சீக்கிரம் திரும்ப வரும். நான் என்றால் 8200எல். அதில் ஒரு நிம் ஸ்லாட், செல்லுலார் கார்டுக்கு ஒரு பிம் ஸ்லாட். ஆனால் அதற்கு லைசன்ஸ் சந்தா உண்டு. கொட்டேஷனில் அது சேர்ந்திருக்கிறதா, 3 வருஷத்துக்கா 5 வருஷத்துக்கா என்று கேட்டுக்கொள்.

குளச்சல் கடற்கரை

அண்ணன் சொன்னது சரி. ஆனால் பிம் ஸ்லாட்டில் 4ஜி கார்டு போடுவதற்கு முன் யோசியுங்கள். உங்கள் ராக் (ரௌட்டர் மாட்டிய சட்டம்) எங்கே இருக்கிறது? உள்ளறையில் என்றால் ஆன்டெனா கேபிளை ஜன்னல் வரை இழுக்க வேண்டும், நீளம் கூடக்கூட சிக்னல் குறையும். சுற்றிலும் ரப்பர் மரம் வேறு. தனி 4ஜி பெட்டியை மாடி ஜன்னலில் வைத்து, ஈதர்நெட் கேபிளில் கீழே கொண்டுவருவது நல்லது.

இன்னொன்று கேட்கிறேன். ஃபைபர் வழியாக மின்னல் வராது. அப்படியிருக்க, அந்த போர்ட் எப்படிப் போச்சு? ஃபைபரை வாங்கி ஈதர்நெட்டாகக் கொடுக்கிற கன்வெர்ட்டருக்கு கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

ரப்பர் டிப்போ நெட்வொர்க், குலசேகரம்

குளச்சல் நண்பரே, இன்று போய்ப் பார்த்தேன். ரௌட்டர் யுபிஎஸ்ஸில் இருக்கிறது. கன்வெர்ட்டர் மட்டும் சுவர் பிளக்கில். லைன் போட வந்தவர் கைக்கு எட்டிய பிளக்கில் சொருகிவிட்டுப் போயிருக்கிறார், நானும் இத்தனை வருஷம் கவனிக்கவில்லை. சுவரில் வந்த அடி கன்வெர்ட்டரில் ஏறி, செம்புக் கேபிள் வழியாக போர்ட்டைக் கருக்கியிருக்க வேண்டும். எர்த் குழியைத் தோண்டிப் பார்த்தோம், கம்பி துருப்பிடித்து அரை விரல் தடிமன்தான் மிச்சம்.

முதலாளியிடம் பேசிவிட்டேன். 8200எல், 3 வருஷச் சந்தாவோடு. நாலு போர்ட் நிம் கார்டு ஒன்று ஸ்பேராக அலமாரிக்கு. லைன் கம்பெனி சம்மதித்தால் ஃபைபரை நேராக ரௌட்டரின் எஸ்எஃப்பி போர்ட்டில் (ஃபைபர் இறக்கக்கூடிய போர்ட்) இறக்கி, கன்வெர்ட்டரையே எடுத்துவிடுவேன். 4ஜி பெட்டி மாடி ஜன்னலுக்கு. எர்த் குழிக்கு உப்பும் கரியும் வந்து இறங்கிவிட்டது. சித்திரை இடிக்கு முன்னால் வேலையை முடிக்க வேண்டும். தக்கலை அண்ணே, கான்ஃபிகரேஷன் மாற்றுகிற அன்று உங்களுக்கு ஒரு போன் போடுகிறேன், கொஞ்சம் எடுங்கள்.